பாரா, குடும்பக் கடையா, பாண் போறணையா: கிளிநொச்சியில் பீட்சா போட நினைப்பவர்களுக்கு

"அண்ணை, பார் ஒண்டை எடுத்து, பின்னேரத்தில பீட்சாவும் போட்டுக் குடுத்தா ஓடுமோ?"

கடந்த ஒரு வருடத்துக்குள் இந்தக் கேள்வியை ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் முப்பதை ஒட்டிய பெடியன்கள். ஒருவனுக்கு அக்கா சுவிசில், இன்னொருவனுக்கு மாமா கனடாவில். அவர்கள் தருவதாகச் சொன்ன காசு இருக்கிறது, கரடிப்போக்கிலோ பரந்தனிலோ வீதியோரம் ஒரு துண்டுக் காணியும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ, அங்கே தெருமுனை மதுச்சாலையில் பியரோடு சாப்பிட்ட கறிப் பீட்சாவின் படத்தைக் காட்டியிருப்பார்கள். நாலு மேசை, தொங்கும் மின்குமிழ், சிரித்துப் பேசும் கூட்டம். "இதை இங்க செய்யலாம்தானே?"

செய்யலாம். எந்த வழியில் செய்வது என்பதில்தான் சிக்கல். நான் பேர்ண் நகரில் பதினொரு வருடம் பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்றவன். சுவிசில் இத்தாலிய உணவகங்களின் குசினிகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். நானும் கோப்பை கழுவப் போய், பிறகு மாக் குழைக்கப் பழகியவன். ஊருக்குத் திரும்பி ஒரு பாரின் குசினியில் எட்டு மாதம் நின்றேன். பிறகு உறவினர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ஒரு வருடம். இப்போது நண்பர் ஒருவருடைய பேக்கரியின் விறகுப் போறணையில், அதாவது பாண் சுடும் செங்கல் அடுப்பில், பின்னேரங்களில் பீட்சா போடுகிறேன். ஆகவே என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் மற்ற இரண்டு வழிகளுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. அதையும் நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

காசு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் வேறு ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்: மாலை ஏழு மணிக்கு உங்கள் கடை வாசலில் யார் நிற்பார்கள்? வேலை முடித்த ஆண்கள் மட்டுமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தாயா, அறிவியல்நகரில் படிக்கும் மாணவர் கூட்டமா? இதற்குப் பதில் தெரிந்தால் மேசையின் அளவு முதல் பீட்சாவை எப்படி வெட்டுவது என்பது வரை தானாக முடிவாகிவிடும்.

அடுத்தது அடுப்பு. எவ்வளவு சூடு ஏறும், மின்சாரம் போனால் என்ன ஆகும்? மூன்றாவது சீஸ். பத்து அங்குலப் பீட்சா ஒன்றுக்கு நான் மா உருண்டை 240 கிராம், சோஸ் 70 கிராம், சீஸ் 90 கிராம், மேலே போடும் கறி 90 கிராம் என்று நிறுத்துப் போடுகிறேன். இந்த நாலிலும் காசைத் தின்பது சீஸ். வன்னி வெயிலில் ஒரே நாளில் கெட்டுப்போவதும் அதுதான். நான்காவது கடதாசி வேலைகள்: பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மது விற்பதென்றால் மதுவரித் திணைக்களம். ஐந்தாவது, வருடத்தில் எத்தனை நாள் கட்டாயமாகக் கதவு பூட்ட வேண்டும், எத்தனை நாள் திறந்திருந்தும் ஆள் வராது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பீட்சா நன்றாக இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன். ஏனென்றால் கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

## முதலில் பீட்சா

பீட்சாவில் எங்கள் கறியைப் போடுவது சரியா என்று தயங்க வேண்டியதில்லை. அன்னாசி போட்ட ஹவாய் பீட்சாவை 1962இல் முதலில் போட்டவர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கடை வைத்திருந்த, கிரேக்க நாட்டில் பிறந்த சாம் பனோபுலஸ். ஹவாய்க்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, தகர டப்பாவில் வந்த அன்னாசியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நாங்கள் மட்டும் என்ன, பீட்சாவைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மீன்கறியை மாவுக்குள் பொதிந்து மாலு பணிஸ் என்று சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே.

கறியால் கெடுதல் வருவதில்லை, கறியிலுள்ள தண்ணீரால்தான் வருகிறது. பூநகரி நண்டு கிடைத்த சந்தோசத்தில் முதல் முறை நண்டுக்கறியைச் சதை பிரித்து அப்படியே அள்ளிப் போட்டேன். அடுப்புக்குள் போகும்போது அழகாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் நடுவில் குளம் கட்டியது. வெளியே எடுத்துத் துண்டைத் தூக்கினால் முனை தொங்கி, சீஸும் நண்டும் வழிந்து பலகையில் விழுந்தன. இப்போது நண்டுச் சதையை உள்ளியும் மிளகும் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டு, பால் வற்றி எண்ணெய் பிரிந்து சட்டியின் ஓரத்தில் தெரியும் வரை பிரட்டுகிறேன். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு மூடக் கூடாது. அதுதான் பதம். ஆட்டிறைச்சிப் பிரட்டலானாலும், பிஞ்சுப் பலாக்காய்க் கறியானாலும் இதே கணக்கு.

தக்காளிச் சோசுக்குப் பதிலாகச் சீனிச் சம்பலை மெல்லியதாகப் பூசி, மேலே சீஸ் போட்டு எடுத்தால், எங்கள் ஊர்ச் சனம் முதல் கடியிலேயே தலையாட்டுகிறது. வெங்காயத்தின் இனிப்பும் செத்தல் மிளகாயின் உறைப்பும் சீஸின் உப்போடு நன்றாகச் சேரும். முருங்கையிலையை அடுப்புக்குள் விடாதீர்கள், கருகிக் கசக்கும். நெய்யில் ஒரு பிரட்டுப் பிரட்டி, பீட்சா வெளியே வந்த பிறகு தூவ வேண்டும். கருவாடு போடுவதென்றால் சோசில் உப்பே போடக் கூடாது. ஒடியல் மாவில் பீட்சா போடலாமே என்று சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஒடியல் மாவில் பசைத்தன்மை இல்லை, இழுத்தால் அறுந்துவிடும். கோதுமை மாவோடு பத்தில் ஒரு பங்கு கலந்தால் மணம் வரும், மாவும் தாங்கும். கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து உலர்த்திய மாவாக இருக்க வேண்டும்.

மாவைப் பற்றி இன்னும் ஒன்று. பேர்ணில் இரவு குழைத்த மா அடுத்த நாள் மாலை வரை ஆறுதலாகப் பொங்கும். இங்கே அதே அளவு ஈஸ்ட் போட்டு மேசையில் வைத்தால், மூன்று மணி நேரத்தில் புளித்துச் சரிந்துவிடும். ஒரு கிலோ மாவுக்கு இரண்டு கிராம் ஈஸ்டுக்கு மேல் போகாதீர்கள். விடிய நாலு மணிக்குக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, உருட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம்.

## வழி ஒன்று: பார்

பாரில் பீட்சாவுக்கு இருக்கும் பெரிய வசதி நேரம்தான். மாலை ஆறு மணியிலிருந்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கடிக்க ஏதாவது வேண்டும். கணவாய் டெவல், பொரித்த கோழி, அவித்த கடலை என்று ஏற்கெனவே வாங்கிப் பழகிய கூட்டம் இது. அந்தக் கணவாய் டெவலை வற்றப் பிரட்டிப் பீட்சாவில் போட்டால் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெட்டும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். முக்கோணமாக வெட்டினால் இரண்டு கை வேண்டும், ஒரு கையில் கிளாஸ் இருக்கிறது. சிகாகோவின் பழைய மதுச்சாலைகளில் மெல்லிய பீட்சாவைச் சின்னச் சதுரங்களாக வெட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நான் அதைச் செய்து பார்த்தேன், ஒரு பீட்சா நாலு பேருக்கு நடுவில் பைட்ஸ் போலவே ஓடியது. மெல்லிய, மொறுமொறுப்பான அடி, உப்பும் உறைப்பும் தூக்கல். பாருக்கு அதுதான் பொருந்தும்.

இனிக் கணக்கில் எழுதப்படாத செலவுகள்.

மதுபான அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. புதிதாக ஒன்று எடுப்பது இலேசான வேலை இல்லை. 2024இன் கடைசியில் பாராளுமன்றத்தில், அந்த வருடம் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் வெளிவந்தபோது எங்கள் மாவட்டத்தின் பெயரும் அடிபட்டது, அதற்குப் பிறகு ஊர்ச் சனத்தின் கண் இந்த விசயத்தில் விழிப்பாகவே இருக்கிறது. உங்கள் பார் வாசலுக்கு எதிராக உங்கள் சொந்தப் பெரியம்மாவே பதாகை பிடித்து நிற்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சண்டை முடிந்து எல்லாம் இழந்து வந்து குந்திய குடும்பங்களில், உழைத்த காசு சாராயத்தில் போனதைப் பார்த்த பெண்கள் அவர்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

போயா (பௌர்ணமி) நாட்களில் பார் திறக்க முடியாது, அது வருடத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நாள். வெசாக் காலத்தில் பூட்டுவது ஒரு நாளுக்கு மேல் போகும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபானத்துக்கு விளம்பரம் செய்யவும் முடியாது. அதாவது, "பியரும் பீட்சாவும்" என்று ஒரு பலகை எழுதி வீதியில் வைக்க நினைத்திருந்தால் அது நடக்காது.

பெண்கள் விசயம் இன்னும் கடினம். மதுச்சாலைக்குள் பெண்களுக்கு மது விற்பதையும் அவர்களை அங்கே வேலைக்கு வைப்பதையும் கட்டுப்படுத்தும் 1979ஆம் ஆண்டு விதியை நீக்குவதாக 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவில் அந்த அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தை விடுங்கள், ஊர் வழக்கம் அதைவிட இறுக்கம். நல்ல பீட்சா என்று கேள்விப்பட்டாலும் ஒரு தாய் பிள்ளையோடு பாருக்குள் வந்து உட்காரப் போவதில்லை. படத்தில் பார்த்த அந்தக் கலகலப்பான தெருமுனைக் கடையில் பாதிப் பேர் பெண்கள். அந்தப் பாதியை இங்கே கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

நான் நின்ற இடத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இரவு கடை பூட்டும்போது மின்கட்டணம் குறையட்டும் என்று பிரதான ஆளியை அணைத்துவிட்டுப் போவார்கள். போத்தலுக்கு ஒன்றும் ஆகாது. சீஸ் இருந்த பெட்டியும் சேர்ந்து அணைந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஏன் சீஸ் புளிக்கிறது என்று கண்டுபிடித்தேன். பாரின் முதலாளிக்கு லாபம் போத்தலில்தான் வருகிறது, குசினி அவருக்கு இரண்டாம் பட்சம். நீங்களே முதலாளியானாலும், ஆறு மாதத்தில் அதே மனநிலை உங்களுக்கும் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

எப்போது பார் சரி? வவுனியா நகரிலோ ஏ9 வழியிலோ அனுமதிப்பத்திரத்தோடு ஏற்கெனவே நடக்கும் தங்கு விடுதி ஒன்றின் குசினியை நீங்கள் குத்தகைக்கு எடுக்க முடிந்தால் சரி. விடுதியில் தங்கும் குடும்பங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் கலந்து உட்காரும் தோட்டம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அனுமதிப்பத்திரத்தின் பாரத்தை அவர்கள் சுமப்பார்கள், பீட்சாவின் காசு உங்களுக்கு வரும். சீஸ் பெட்டிக்குத் தனி ஆளி கேட்டு வாங்கிவிடுங்கள்.

## வழி இரண்டு: மது இல்லாத குடும்பக் கடை

இதுதான் கேட்பவர்களின் பெற்றோருக்குப் பிடித்த வழி. பிறந்தநாள், பரீட்சை முடிவு வந்த நாள், சம்பள நாள், மாணவர் கூட்டம், வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கும் ஆவணி மாதம் என்று ஆள் வரும் காரணங்கள் பல. போயா நாள் விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் அதிகம் வருவார்கள். பெண்களை வேலைக்கு வைக்கலாம், பலகை எழுதலாம், முகநூலில் படம் போடலாம்.

அடுப்பு பெரும்பாலும் காஸ். 12.5 கிலோ சிலிண்டரில் ஓடும் சாதாரண பேக்கரி அடுப்பு 250 பாகை செல்சியஸ் வரை நன்றாக ஏறும். நேப்பிள்ஸ் முறையில் 430 பாகைக்கு மேல் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வரும் மென்மையான பீட்சா இதில் வராது. அதே மாவை மெல்லியதாகப் போட்டால் எட்டு நிமிடத்தில் காய்ந்து அப்பளமாகும். ஆகவே தட்டில் எண்ணெய் தடவி, தடித்த அடியாகப் போடுங்கள். கோழிப் பிரட்டலும் பிஞ்சுப் பலாக்காயும் அந்தத் தடித்த அடியில் நன்றாக உட்காரும், பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கிறது.

இங்கே செலவு வேறு விதமாக ஒளிந்திருக்கிறது. பகலில் கடை காலியாக இருக்கும். காலை பத்து மணிக்குத் திறந்து வைத்தால் மாலை ஐந்து வரை மின்விசிறிக்கும் சம்பளத்துக்கும் செலவு, வரவு தேநீர் மட்டும். அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் மதியச் சோறு போடுவீர்கள். பிறகு ஒரு மேசையில் ஆறு பேர் வந்து உட்கார்ந்து, "கொத்து இல்லையோ?" என்று கேட்பார்கள். ஒருமுறை இல்லை என்பீர்கள், பத்தாவது முறை கொத்துக் கல் வாங்குவீர்கள். ஒரு வருடத்தில் உறவினரின் கடையில் இதுதான் நடந்தது. கொத்தும் பிரியாணியும் ஓடின, பீட்சா பட்டியலின் கடைசி வரிக்குப் போனது. கடை நட்டப்படவில்லை. ஆனால் பீட்சாக் கடை போடத்தானே தொடங்கினோம்?

வெள்ளிக்கிழமையையும் நினைவில் வைத்திருங்கள். பீட்சாவுக்கு உலகமெல்லாம் நல்ல நாள், எங்கள் ஊரில் பாதி வீடு சைவம். வற்றாப்பளைப் பொங்கல் நேரத்திலும் கோயில் கொடியேறிய நாட்களிலும் அப்படியே. சைவப் பீட்சாவுக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, தனித் தட்டு வைத்து, அதைச் சனத்தின் கண் முன்னால் செய்து காட்டினால் வெள்ளி கைவிட்டுப் போகாது. ஒரே கத்தியால் இரண்டையும் வெட்டுவதை ஒரு அம்மா பார்த்துவிட்டால் அந்தத் தெருவே வராது.

2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் காஸ் வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டர் ஒன்று இல்லாமல் சீஸ், கோழி, ஐஸ்கிரீம் மூன்றையும் வைத்திருக்கும் கடையைத் தொடங்காதீர்கள். தொடக்கச் செலவுப் பட்டியலில் அதைக் கடைசியில் எழுதாமல் அடுப்புக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.

## வழி மூன்று: பேக்கரிப் போறணை

எங்கள் பக்கத்தில் விறகுப் போறணை இன்னும் இருக்கிறது. செங்கல்லால் கட்டிய வளைந்த கூரை, உள்ளேயே விறகு எரித்து, தணலை இழுத்துவிட்டு, கல்லில் தங்கிய சூட்டிலேயே பாண் வேகும். இதைவிட நல்ல பீட்சா அடுப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பேர்ணில் நான் நின்ற கடையில் விறகு அடுப்பை ஒரு பெருமையாக வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே அது பின் கொட்டிலில் கரி படிந்து கிடக்கிறது.

நாங்கள் செய்வது இப்படி. பின்னேரப் பாணுக்காக இரண்டு மணியளவில் தீ மூட்டுவார்கள். மூன்றரைக்குத் தணல் வழித்து, ஈரச் சாக்குக் கட்டிய நீளத் தடியால் அடித்தளத்தைத் துடைப்பார்கள். அந்த நேரம் பாணுக்கு அதிகச் சூடு, வைத்தால் மேல் கருகி உள் வேகாது. முன்பெல்லாம் சும்மா ஆறவிட்ட அந்த அரை மணி நேரம்தான் இப்போது பீட்சாவின் நேரம். என் வெப்பமானி 340 பாகை காட்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை: ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் எறியுங்கள். உடனே கறுத்தால் பொறுங்கள். பத்து எண்ணும்போது பழுப்பாக மாறினால் பீட்சாவைத் தள்ளலாம். மூன்று, மூன்றரை நிமிடம். விளிம்பு கொப்பளித்து அங்கங்கே கருகும், நடு மென்மையாக இருக்கும், விறகுப் புகையின் மணம் சீஸில் ஏறியிருக்கும். அதில் நண்டும் சீனிச் சம்பலும் போட்டு எடுத்தால், அதுதான் நான் ஊருக்கு வந்த பிறகு போட்ட நல்ல பீட்சா. நான் ஐம்பது கிலோமீற்றர் போயாவது வாங்கிச் சாப்பிடுவேன்.

பீட்சா முடிந்ததும் பாண் உள்ளே போகும். யாருடைய வேலையும் கெடாது, விறகும் கூடுதலாகத் தேவையில்லை.

போட வேண்டிய முதல் மிகக் குறைவு. ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மேசை, நீளத் துடுப்பு இரண்டு, தராசு, கடதாசிப் பெட்டிகள். பேக்கரிக்கு ஏற்கெனவே பிரதேச சபை அனுமதியும் சுகாதாரப் பரிசோதனையும் உண்டு, உங்கள் வேலையையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் தொடங்கினால் அந்தப் பேக்கரிக்காரருக்கும் சேர்த்துத்தான் பிரச்சினை.

இந்த வழியின் பெரிய குறை நேரம். அடுப்பு மூன்றரைக்குத் தயார், சனத்துக்குப் பசி ஏழு மணிக்கு. நாங்கள் இதை மூன்று விதமாகச் சமாளித்தோம். அலுவலகம் விடும் நேரத்தில் துண்டாக விற்பது ஒன்று. முக்கால் பதம் வேகவைத்து, வீட்டில் தோசைக்கல்லில் மூடி வைத்துச் சூடாக்கும்படி பார்சல் கொடுப்பது இன்னொன்று. சனி, ஞாயிறில் மட்டும் ஏழு மணிக்குத் தயாராகும்படி மறுபடி தீ மூட்டுவது மூன்றாவது. அந்த மூன்றாவதில் விறகும் ஆள் சம்பளமும் உங்கள் கணக்கில் விழும், இருபது பீட்சாவுக்குக் குறைவாக ஓடர் இருந்தால் கட்டாது. தேங்காய்ச் சிரட்டை சேர்த்து எரித்தால் கல் விரைவில் சூடேறும். வர்ணம் பூசிய பழைய பலகையை மட்டும் எரிக்காதீர்கள், அந்தப் புகை நேரே சாப்பாட்டில் இறங்கும்.

இரண்டாவது குறை, உட்கார இடமில்லை. பெட்டிக்குள் ஆவி அடைந்து பத்து நிமிடத்தில் அடி நமுத்துவிடும். பெட்டியின் பக்கங்களில் நாலு துளை போடுங்கள், அடியில் ஒரு துண்டு வாழையிலை வையுங்கள். மோட்டார் சைக்கிளில் கால் மணிக்கு மேல் போகும் இடத்துக்கு முழுப் பதமாகக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதை யாரும் வாயால் சொல்வதில்லை. போறணை இன்னொருவருடையது. வியாபாரம் நன்றாக ஓடினால் அவருக்கே அதைச் செய்யும் ஆசை வரலாம். நண்பராக இருந்தாலும் எழுத்தில் ஒரு வருட உடன்பாடு வேண்டும்: எந்த நேரம் அடுப்பு உங்களுடையது, ஒரு பீட்சாவுக்கு எவ்வளவு, மா யாருடையது. நாங்கள் கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். எங்கள் நட்பு இன்னும் நன்றாக இருப்பதற்கு அந்தத் தாளும் ஒரு காரணம்.

## தவறணை பற்றி ஒரு வார்த்தை

எங்கள் ஊரின் உண்மையான அக்கம்பக்கத்து மதுச்சாலை கள்ளுத் தவறணைதான். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன, பொரித்த மீனும் மரவள்ளியும் அங்கே பழக்கம். தவறணைக்குள் பீட்சாக் கடை வைக்க நான் சொல்ல மாட்டேன், அங்கே வருபவர்கள் கொடுக்க நினைக்கும் விலை வேறு. ஆனால் அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைப்பதுபோல் பீட்சா மாவையும் புளிக்கவைத்துப் பாருங்கள். காலையில் இறக்கிய கள்ளை ஒரு துணியில் வடித்து, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக விட்டால், அப்ப மணத்தோடு இலேசான இனிப்பும் வருகிறது. பின்னேரம்வரை வைத்திருந்த கள்ளு காடியாகிவிடும், அது உதவாது. கள்ளு சேர்த்தது என்பதை வாங்குபவருக்குச் சொல்லியே விற்க வேண்டும், விரதகாரர் இருப்பார்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | பார் | குடும்பக் கடை | பேக்கரிப் போறணை |
|---|---|---|---|
| தொடக்க முதல் | மிக அதிகம், குசினி மட்டும் எடுத்தால் குறைவு | நடுத்தரத்துக்கு மேல் | குறைவு |
| வருபவர்கள் | பெரும்பாலும் ஆண்கள் | குடும்பம், மாணவர் | எல்லோரும், பார்சலுக்கு |
| அடுப்பு | காஸ், மெல்லிய அடி | காஸ், தடித்த அடி | விறகு, 300 பாகைக்கு மேல் |
| மின்சாரம் போனால் | மது ஓடும், சீஸ் கெடும் | ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது | அடுப்பு ஓடும், சீஸுக்கு ஐஸ் பெட்டி போதும் |
| கட்டாயமாகப் பூட்டும் நாள் | போயா நாட்கள் | இல்லை | பேக்கரி பூட்டும் நாள் |
| நன்றாக வருவது | கணவாய் டெவல், சதுர வெட்டு | கோழி, பிஞ்சுப் பலாக்காய் | நண்டு, சீனிச் சம்பல் |
| ஒளிந்திருக்கும் செலவு | ஊர் எதிர்ப்பு, விளம்பரத் தடை | காலியான பகல், கொத்து | நேரம் பொருந்தாமை, மற்றவர் அடுப்பு |

## உங்கள் நிலைமைக்கு எது

காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது, உங்களுக்குச் சமையல் தெரியாது, ஆள் வைத்து நடத்தலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், மூன்றையும் இப்போதைக்கு விடுங்கள். அந்தக் காசை அனுப்புகிறவர் அங்கே இரவு வேலை செய்து சேர்த்தது. மா எப்போது சரிந்தது என்று தெரியாத முதலாளியை நல்ல வேலையாள்கூடக் காப்பாற்ற முடியாது. முதலில் ஆறு மாதம் ஒரு அடுப்புக்கு முன்னால் நில்லுங்கள்.

நகரத்தில் சொந்தக் கட்டடம் இருக்கிறது, மனைவியோ சகோதரியோ கூட நின்று நடத்துவார் என்றால் குடும்பக் கடை. மாலை நாலு மணிக்குத் திறந்து பத்து மணிக்குப் பூட்டுங்கள், பகலைத் தொடாதீர்கள். பட்டியலில் ஆறு பீட்சாவுக்கு மேல் எழுதாதீர்கள், அதில் இரண்டு சைவம். கொத்து கேட்டால் பக்கத்துக் கடையைக் காட்டுங்கள். இதற்கு மனவுறுதி வேண்டும், அதுதான் இந்த வழியின் விலை.

அனுமதிப்பத்திரம் உள்ளவர் கூட்டுச் சேரக் கூப்பிட்டால், அவர் இடத்தில் குடும்பங்கள் உட்காரும் பகுதி தனியாக இருக்கிறதா என்று ஒரு சனிக்கிழமை இரவு போய்ப் பாருங்கள். இருந்தால் பேசலாம். புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்துப் பார் போட்டு அதில் பீட்சா விற்பது என்ற திட்டத்துக்கு மட்டும் என்னால் ஆமென்று சொல்ல முடியவில்லை. அந்தக் கடையில் பீட்சா ஒரு சாட்டாகத்தான் மிஞ்சும்.

கையில் சின்ன முதல், நிறைய ஆசை, பக்கத்தில் ஒரு பேக்கரி. கேட்டு வரும் பெடியன்களில் பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான், அவர்களுக்கு நான் சொல்வது போறணை. இரண்டு கிலோ மாவைக் காலையில் குழைத்துக்கொண்டு, பின்னேரம் மூன்று மணிக்குத் தெரிந்த பேக்கரிக்குப் போய், தணல் வழித்த பிறகு அரை மணி நேரம் தர முடியுமா என்று கேளுங்கள். அந்த இரண்டு கிலோவில் பன்னிரண்டு பதின்மூன்று பீட்சா வரும். முதல் மூன்றைக் கருக்குவீர்கள். மிச்சத்தைப் பேக்கரியில் வேலை செய்பவர்களுக்கே கொடுங்கள், அவர்கள் இரண்டாம் துண்டை எடுக்கிறார்களா என்று பாருங்கள். சீஸை ஐஸ் பெட்டியில் கொண்டுபோக மறக்காதீர்கள், போறணைக் கொட்டிலில் வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் வியர்க்கத் தொடங்கிவிடும்.